குமிழியா, கண்ணாடி உருண்டையா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அக்கா மகளும் நானும் மொட்டை மாடியில் சோப்புக் குமிழி விட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஊதுவாள், நான் போனில் படம் எடுப்பேன். இருட்டுவதற்குள் 300 படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை வைத்துக்கொண்டு மீதியை அழித்தேன். கடைசியில் தேறியது 5. அஞ்சிலும் குமிழி முழுசாக, உருண்டையாக, வானவில் நிறத்தோடு நடுநாயகமாக இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். "சூப்பர்டா, வால்பேப்பர் மாதிரியே இருக்கு" என்று பதில் வந்தது.

பாராட்டித்தான் சொன்னாள். ஆனால் அந்த "வால்பேப்பர்" எனக்குள் ரெண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மைதானே? அந்த 5 படத்தையும் நான்தான் எடுத்தேன் என்பதற்கு அதில் என்ன இருக்கிறது? இணையத்தில் "சோப்புக் குமிழி" என்று தேடினால் கொட்டுகிற ஆயிரக்கணக்கான படங்களோடு என் அஞ்சையும் கலந்துவிட்டால் எனக்கே பொறுக்கி எடுக்கத் தெரியாது.

அந்த வாரம் படித்துக்கொண்டிருந்த புத்தகம் ஒன்று இந்த உறுத்தலை இன்னும் பெரிசாக்கியது. அதிலிருந்து தொடங்குகிறேன். குமிழிப் படங்களில் எது நல்ல படம், எது வெறும் அழகான படம் என்று எனக்கு நானே தெளிவுபடுத்திக்கொள்ள எழுதும் குறிப்பு இது.

வொர்திங்டனின் ஒப்புதல்

ஆர்தர் மேசன் வொர்திங்டன் ஓர் ஆங்கிலேய இயற்பியலாளர். ஒரு துளி விழுந்தால் என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்வியோடு 1870களில் தொடங்கிப் பல வருஷம் மல்லுக்கட்டியவர். துளி விழுவது கண்ணுக்குப் பிடிபடாத வேகம். அதனால் இருட்டறையில் துளியை விழவைத்து, வேண்டிய கணத்தில் ஒரு மின்பொறியை வெடிக்கவிடுவார். அந்த ஒரு பளிச்சில் கண்ணில் பதிந்ததை உடனே பென்சிலால் வரைவார். அடுத்த துளிக்குப் பொறியை இம்மி தாமதமாக வெடிக்கவைப்பார், அதையும் வரைவார். இப்படி ஒவ்வொரு கணமாகச் சேர்த்து ஒரு தெறிப்பின் முழுக்கதையையும் கட்டினார். துளி கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தால் தண்ணீரில் குழி உண்டாகி, குழியின் விளிம்பு எழும்பி, மேலே வந்து மூடிக்கொண்டு ஒரு குமிழியாகவே மாறிவிடுவதையும் காட்டினார்.

அவர் வரைந்த படங்கள் அச்சில் வார்த்த மாதிரி சீராக இருந்தன. கிரீடம் மாதிரி எழும்பும் விளிம்பு, சம இடைவெளியில் முத்துகள். 1890களில் மின்பொறி வெளிச்சத்திலேயே புகைப்படம் எடுக்க முடிந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகைப்படத்தில் எந்தத் தெறிப்பும் அத்தனை சீராக இல்லை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. பழைய வரைபடங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கோணல்மாணலானவை அங்கேயும் நிறைய இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் "இது ஏதோ தவறிப்போனது" என்று ஒதுக்கிவிட்டு, சீரானதை மட்டுமே அவர் எடுத்து வைத்திருக்கிறார். யாரையும் ஏமாற்றணும்னு செய்யவில்லை. மனசில் ஏற்கெனவே ஒரு சரியான தெறிப்பு இருந்தது. கண் அதைத் தேடிக்கொண்டது, அவ்வளவுதான். 1908இல் வந்த 'எ ஸ்டடி ஆஃப் ஸ்பிளாஷஸ்' நூலில் இதை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார்.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் செய்ததும் அதே வேலைதான். அவர் கையில் பென்சில் இருந்தது, என் கையில் போன். அவருக்காவது புகைப்படம் வந்து தப்பைக் காட்டியது. நானோ புகைப்படத்தை வைத்துக்கொண்டே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன்.

மிலேயின் கண்ணாடி

உருண்டையான, அசையாத குமிழி மீதான இந்த மோகம் கேமராவோடு வந்ததில்லை. ஜான் எவரெட் மிலே 1886இல் தன் பேரனை உட்காரவைத்து ஓர் ஓவியம் தீட்டினார். பச்சை வெல்வெட் உடுப்பில் சுருட்டை முடிப் பையன், மேலே மிதக்கும் குமிழியை அண்ணாந்து பார்க்கிறான். பியர்ஸ் சோப்புக்காரர்கள் அதை வாங்கி, கீழே ஒரு சோப்புக்கட்டியைச் சேர்த்து விளம்பரமாக்கினார்கள். 'பபிள்ஸ்' என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுற்றிய படம் அது. அந்தக் குமிழியை மிலே எப்படித் தீட்டினார் தெரியுமா? அதற்கென்றே ஒரு கண்ணாடி உருண்டை செய்யச்சொல்லி, அதைப் பார்த்துத் தீட்டினார். நிஜக் குமிழி ஓவியருக்காகக் காத்திருக்காதே!

ஓவியரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேமராவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அப்படியும் இன்றைக்கு நாம் எடுக்கும் குமிழிப் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கண்ணாடி உருண்டையைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கின்றன. கறுப்பு வெல்வெட் துணி பின்னால், பெரிய மென்விளக்கு பக்கத்தில், கரைசலில் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்கக் கிளிசரின். கிடைப்பது ஒரு பளிங்கு உருண்டை. அது எப்போது ஊதப்பட்டது, எவ்வளவு நேரம் இருக்கும், எங்கே மெலிந்திருக்கிறது, எதுவும் படத்தில் இல்லை.

நிஜக் குமிழி என்பது ஒரு பொருள் என்பதைவிட ஒரு நிகழ்வு. ஊதிய கணத்திலிருந்தே அதன் தோலில் இருக்கும் தண்ணீர் கீழே வடிந்துகொண்டிருக்கும், கொஞ்சம் ஆவியாகிக்கொண்டும் இருக்கும். என் அளவுகோல் இதுதான்: நடந்துகொண்டிருக்கும் அந்த விஷயம் படத்தில் எங்காவது தெரிகிறதா? தெரிந்தால் அது குமிழிப் படம். தெரியாவிட்டால் கண்ணாடி.

இதைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. முதலாவது, குமிழியின் ஊடே தெரியும் பின்னணியைப் பாருங்கள். சோப்புப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று. அதனால் அது ஒளியை வளைப்பதாகவே தெரியாது. பின்னால் இருக்கும் மரமும் வீடும் நேராகவே தெரியும். மரம் தலைகீழாகத் தெரிந்தால் அது கெட்டியான கண்ணாடி உருண்டை, இல்லாவிட்டால் கணினியில் செய்தது. "குமிழி" என்று பகிரப்படும் படங்களில் இப்படித் தலைகீழ் மரங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இரண்டாவது, ஜன்னல். குமிழியில் ஜன்னல் வெளிச்சம் இரண்டு இடத்தில் தெரியும். முன்பக்கத் தோல் குவியாடி மாதிரி, அதில் ஜன்னல் நேராக. பின்பக்கத் தோலை உள்ளிருந்து பார்க்கிறோம், அது குழியாடி மாதிரி, அதில் ஜன்னல் தலைகீழாக. மேலே ஒன்று, எதிர்ப்புறம் கீழே ஒன்று. உற்றுப் பார்த்தால் படம் எடுத்தவரும் பொடி உருவமாக உள்ளே நிற்பார். ஸ்டுடியோக் குமிழியில் நீள்சதுரமாக ஒரு விளக்கு மட்டும்தான் இருக்கும். என் மொட்டை மாடிப் படங்களில் தண்ணீர்த் தொட்டியும், கொடியில் காயும் துணியும், குனிந்து நிற்கும் நானும் இருந்தோம். அதையெல்லாம் "இடைஞ்சல்" என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன்.

கறுப்புத் தொப்பி

மூன்றாவது சோதனைதான் எனக்கு முக்கியம். குமிழியின் நிறங்கள் சாயத்தால் வருவதில்லை. படலத்தின் வெளிமுகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் சந்திக்கும்போது சில நிறங்கள் வலுக்கும், சில நிறங்கள் அடங்கிப்போகும். எந்த நிறம் என்பதை அந்த இடத்தின் தடிமன் தீர்மானிக்கும். ஆக, குமிழியின் மேல் தெரியும் நிறப்பட்டைகள் ஒரு தடிமன் வரைபடம்.

நீர் வடிய வடியப் பட்டைகள் கீழே இறங்கும். உச்சியில் நிறங்கள் வெளிறி, வெள்ளி மாதிரி ஆகும். அதற்கும் பிறகு உச்சியில் ஒரு கறுப்பு வட்டம் தோன்றும். படலம் சுமார் 30 நானோமீட்டருக்கும் கீழே மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே இரண்டு முகங்களிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. நியூட்டன் குமிழியின் மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, காற்று படாமல் காத்து, இந்தக் கறுப்புப் புள்ளி உச்சியில் தோன்றி விரிவதைப் பார்த்து 1704இல் வந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார்.

நீங்களே பார்க்கலாம். ஒரு தட்டை ஈரமாக்கி, அதன் மேல் உறிஞ்சுகுழலால் அரைக்கோளமாக ஒரு குமிழி ஊதுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருந்தால் போதும். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் உச்சியில் கறுப்பு வட்டம் வரும். வந்தால் தெரிந்துகொள்ளலாம், இது போகப்போகிறது என்று.

இந்தக் கறுப்பு வட்டம் எத்தனை குமிழிப் படங்களில் இருக்கிறது? தேடிப் பாருங்கள், ரொம்பக் குறைவு. ஏன்னா அது வந்தால் படம் "கெட்டுப்போகிறது". கறுப்பு வெல்வெட் பின்னணியில் உச்சி கறுத்தால் குமிழியின் தலை வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். அதனால் நிறம் செழிப்பாக இருக்கும் இளங்குமிழியிலேயே படத்தை எடுத்துவிடுகிறார்கள். தமிழில் நிலையாமைக்கு உவமை சொல்லணும்னா முதலில் வாயில் வருவது நீர்க்குமிழிதான். வாழ்க்கை நீர்க்குமிழி என்று சொல்லிக்கொண்டே, அதன் வாழ்க்கையில் எந்தக் கணம் முதுமையோ அதை மட்டும் நைசாகத் தவிர்த்துவிடுகிறோம். இளமையின் படத்தைப் போட்டு அடியில் நிலையாமைத் தத்துவம் எழுதுவது எனக்கு ஒட்டவில்லை.

உடைகிற நேரம்

சரி, உடையும்போது? "டப்பென்று மறைந்துவிட்டது" என்போம். அது மறைவதில்லை. ஓர் இடத்தில் ஓட்டை விழுகிறது. பரப்பு இழுவிசை அந்த ஓட்டையின் விளிம்பை இழுக்கிறது. விளிம்பு போகிற வழியிலெல்லாம் படலத்தின் நீரை வாரிச் சுருட்டிக்கொண்டே ஓடுகிறது. ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். மெலிந்த படலமானால் இன்னும் வேகம். 10 சென்டிமீட்டர் குமிழியில் ஒரு முனையிலிருந்து எதிர்முனைவரை தோலோடு போனால் 15 சென்டிமீட்டர் சொச்சம். அதைக் கடக்க விநாடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு போதும். இதில் விசேஷம் என்னவென்றால், விளிம்பு வந்து சேரும்வரை மீதிக் குமிழிக்குச் சேதியே தெரியாது. பாதி போயிருக்கும், மீதிப் பாதி அதே வளைவோடு அமைதியாக நிற்கும்.

ராலே பிரபு 1891இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் புகைப்படத்தின் பயன்கள் பற்றிப் பேசியபோது, உடையும் சோப்புப் படலத்தை மின்பொறியால் எடுத்த படங்களைக் காட்டினார். 1904இல் பாரிஸில் லூசியன் புல் இன்னும் ஒரு படி போனார். டப்ளினில் பிறந்து, எத்தியென் ஜூல் மாரேயிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். சுழலும் உருளையில் ஃபிலிமைச் சுற்றி, அடுத்தடுத்து மின்பொறிகளை வெடிக்கவிட்டு, விநாடிக்கு ஆயிரம் ஃப்ரேமுக்கும் மேலே எடுத்தார். ஈக்களும் தும்பிகளும் பறப்பதை எடுத்தார். சோப்புக் குமிழிக்குள் ஒரு குண்டு பாய்ந்து போவதையும் எடுத்தார்.

என்னைக் கேட்டால் குமிழிப் படங்களில் உச்சம் என்று அந்தத் துண்டுப் படத்தைத்தான் சொல்வேன். நிறம் கிடையாது. அழகான வெளிச்சம் கிடையாது. குமிழி ஒரு கோட்டு வட்டம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்துக்கொண்டே வந்தால் மூச்சு நின்றுவிடும். நாம் "ஒரு கணம்" என்று சொல்வதற்குள் எத்தனை கணங்கள் அடுக்கியிருக்கின்றன என்று கண்ணால் பார்க்கிறோம். புல் அந்த வட்டத்தை அழகாக்க எதுவும் செய்யவில்லை. அதற்கு நேர்வதைத் தொடர்ந்து போனார், அவ்வளவுதான்.

இப்போது வேகக் கேமரா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஊசியால் குத்தி உடையும் குமிழியை நிறத்தோடு எடுக்கிறார்கள். பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பலரும் அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு ஃப்ரேமை எடுத்து, விரலையும் சிதறும் துளிகளையும் "நாடகம்" ஆக்கிவிடுகிறார்கள். பாதிக் குமிழி அமைதியாக நிற்பதுதான் அங்கே ஆச்சரியம். அதைக் கவனிக்க முன்னும் பின்னும் ரெண்டு ஃப்ரேமாவது வேண்டும்.

தனிக்குமிழியும் கூட்டமும்

தனியாக மிதக்கும்வரைதான் குமிழி உருண்டை. ரெண்டு குமிழி ஒட்டினாலே நடுவில் ஒரு சுவர் வந்துவிடும். நுரையில் எப்போதும் மூன்று சுவர்கள்தான் ஒரு கோட்டில் சேரும், நடுவே 120 பாகை. அந்தக் கோடுகள் நாலு நாலாகத்தான் ஒரு புள்ளியில் சேரும், நடுவே ஏறக்குறைய 109.5 பாகை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வாழ்ந்த ஜோசஃப் பிளாட்டோ கண்டு சொன்ன விதிகள் இவை. வட்டத்தட்டைச் சுழற்றி அசையும் படம் காட்டும் 'ஃபீனகிஸ்டிஸ்கோப்' கருவியை 1832இல் செய்தவரும் அவரே. சினிமாவின் தாத்தா என்றே சொல்லலாம். 1843 வாக்கில் அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதன் பிறகுதான் சோப்புப் படலங்களில் பெரும் உழைப்பைப் போட்டார். மற்றவர்கள் பார்த்துச் சொல்ல, அவர் என்ன செய்து பார்க்கவேண்டும் என்று சொல்ல, 1873இல் நூல் வந்தது. குமிழியின் அழகு அவருக்குக் காதில்தான் கிடைத்தது. அப்படியும் அதன் கோணங்களை அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார்.

பெரனீஸ் ஆபட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1940களில் எடுத்த சோப்புக் குமிழிப் படம் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாடம். நியூயார்க் கட்டடங்களை எடுத்துப் பேர்பெற்றவர். அறிவியலுக்கு நல்ல புகைப்படக்காரர்கள் வேண்டும் என்று பல வருஷம் விடாமல் வாதாடியவர். அந்தப் படத்தில் நாயகக் குமிழி என்று ஒன்றும் கிடையாது. ஃப்ரேம் முழுக்கக் குமிழிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சுவரைப் பகிர்ந்துகொண்டு, கறுப்பு வெள்ளையில். நிறத்தை எடுத்துவிட்டதால் கண் நேரே சுவர்களுக்குப் போகிறது. மூன்று மூன்றாகச் சேரும் இடங்களை நாமே எண்ண ஆரம்பிக்கிறோம். கட்டடம் எடுத்த கண் என்பது தெரிகிறது.

காபி விளம்பரத்தில் நுரைக்குப் பதில் சோப்பு நுரையை வைப்பது பழைய தந்திரம். காபி நுரை சீக்கிரம் அடங்கிவிடும், சோப்பு நிற்கும். அது காசுக்காகச் செய்வது, போகட்டும். ஆனால் நிற்கிற நுரைதான் நல்ல நுரை என்ற பழக்கம் நம் கண்ணுக்கும் வந்துவிட்டதே, அதுதான் கவலை.

ஒரே படத்துக்குள் காலத்தைக் கொண்டுவர முடியாதா என்றால், முடியும். ஒரு கண்ணாடி கிளாஸில் பன்னீர் சோடா ஊற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். ஓர் இடத்திலிருந்து மட்டும் குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பும். பிரான்ஸில் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே-பெலேர் ஷாம்பெயின் குமிழிகளை வேகக் கேமராவில் எடுத்து, பெரும்பாலும் கிளாஸில் ஒட்டியிருக்கும் பொடி நார்களுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் அவை கிளம்புகின்றன என்று காட்டினார். மேலே போகப்போகக் கரியமில வாயு உள்ளே சேர்ந்து குமிழி பெருக்கும். பெருக்கப் பெருக்க வேகம் கூடும். அதனால் கீழே பொடிசாக நெருக்கமாக, மேலே பெரிசாக இடைவெளி விட்டு இருக்கும். ஒரே அசையாப் படத்தில் ஒரு குமிழியின் வெவ்வேறு வயசுகள் வரிசையாக நிற்கின்றன. இதற்கு ஸ்டுடியோவும் வேண்டாம், வெல்வெட்டும் வேண்டாம்.

குமிழி எழுதிய படங்கள்

குமிழிப் படத்துக்காக ஒரு காலத்தில் பெரும் பெரும் கூடங்களையே கட்டினார்கள். டொனால்ட் கிளேசர் 1952இல் செய்த குமிழிக் கலத்தைத்தான் சொல்கிறேன். 1960இல் அதற்கு நோபல் பரிசு. சில சென்டிமீட்டர் அளவிலான கண்ணாடிக் குப்பியில் ஈதரோடு தொடங்கிய விஷயம். கொதிநிலைக்கு மேல் சூடான திரவத்தை அழுத்தத்தால் கொதிக்கவிடாமல் வைத்திருப்பார்கள். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், அந்த நேரத்தில் உள்ளே பாயும் மின்னேற்றமுள்ள துகள் போன வழியில் மட்டும் பொடிக் குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிக் கோட்டைப் படம் எடுப்பார்கள்.

இங்கே ஷட்டரின் நேரம்தான் எல்லாம். சீக்கிரம் எடுத்தால் குமிழி கண்ணுக்குத் தெரியாத பொடி. தாமதித்தால் ஊதிப் பெருத்துக் கோடு அழிந்துவிடும். சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளுக்குள் எடுத்தாக வேண்டும். மின்னேற்றமில்லாத துகள் குமிழி விடாது. அதனால் படத்தில் வெறுமையாக ஓர் இடம், அதன் முடிவில் திடீரென்று 'V' வடிவில் இரண்டு கோடுகள். அந்த வெறுமையில் ஏதோ ஒன்று போயிருக்கிறது என்று படிக்கத் தெரியவேண்டும். 1964இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் ஒமேகா-மைனஸ் துகளைப் பிடித்தபோது ஏறக்குறைய 1,00,000 படங்களைப் பார்த்தார்கள். இந்தக் கூடங்களில் மேஜை மேல் ஒவ்வொரு படத்தையும் ஒளிபாய்ச்சிக் கோடு கோடாகப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊருக்கு அவர்கள் பெயர் தெரியாது.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அந்தப் படங்களை யாரும் அழகுக்காகப் பொறுக்கவில்லை. கோணலானதை ஒதுக்கியிருந்தால் கண்டுபிடிப்பே போயிருக்கும். இப்போது அதே படங்களுக்குச் செயற்கை நிறம் ஏற்றிச் சுவரில் மாட்டும் போஸ்டராக விற்கிறார்கள். சுருள் சுருளாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'V'க்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தைப் போஸ்டரில் யாரும் பார்ப்பதில்லை.

பனிக்குள் அடுக்கிய இட்லி

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஆபிரகாம் ஏரி இருக்கிறது. 1972இல் கட்டிய அணையால் உண்டான செயற்கை ஏரி. குளிர்காலத்தில் அதன் தெளிந்த பனிக்குள் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் உறைந்து நிற்கும். இட்லியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. ஏரியடியில் மட்கும் தாவரங்களிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் மேலே வந்து பனியின் அடிப்பக்கத்தில் முட்டிப் பரவும். பனி கீழ்நோக்கித் தடிக்கும்போது அதற்குள் சிறைப்படும். மேலே இருப்பது முதலில் வந்தது, கீழே இருப்பது பிந்தியது. அந்த அடுக்கு ஒரு நாட்குறிப்பு.

இந்த ஏரிக்குப் புகைப்படக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே படம்: கீழே அகலக் கோணத்தில் குமிழிகள், பின்னால் மலை, மேலே விடியல் நிறம். குமிழி தரைக்கோலம் ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் அடுக்கைப் படிக்கிற மாதிரி எடுத்த படங்கள் குறைவு.

இதோடு அலாஸ்காப் பல்கலைக்கழக ஆய்வாளர் கேட்டி வால்ட்டர் ஆந்தனியின் வேலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சைபீரிய, அலாஸ்கா ஏரிகளில் உறைமண் உருகி மீத்தேன் வெளியேறுகிறது. முன்குளிர்கால ஏரியில் பனித்தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, உறைந்த குமிழிகளைக் கூட்டம் கூட்டமாக வகைபிரித்து எண்ணுவார்கள். தண்ணீருக்குள் குமிழிப் பொறி வைத்து அளப்பார்கள். வாயு ரொம்ப வேகமாக வரும் இடத்தில் பனியே மூடாமல் ஓட்டையாக நிற்கும். 2006இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இந்த ஏரிகள் அதுவரை நினைத்ததைவிடக் கணிசமாக அதிக மீத்தேனை விடுகின்றன என்று காட்டியது. 20 வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். அந்த ஆய்வுப் படங்களில் விடியல் கிடையாது, மலை கிடையாது. துடைத்த பனி, கறுப்புத் தண்ணீர், வெள்ளைப் புள்ளிகள். நான் அதில் கண்ணை எடுக்காமல் இருந்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் பார்வையே மாறிவிடுகிறது.

அழகு குற்றமா?

இல்லவே இல்லை. "எல்லாரும் விஞ்ஞானியா ஆகணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஷார்டான் 1730களில் தீட்டிய 'சோப்புக் குமிழிகள்' ஓவியத்தைப் பாருங்கள். ஜன்னல் திண்டில் சாய்ந்து ஓர் இளைஞன் குழலில் ஊதுகிறான். குமிழி இன்னும் குழலைவிட்டுப் பிரியவில்லை, தன் எடையில் லேசாகத் தொங்குகிறது. சரியான உருண்டை இல்லை. அந்தத் தொய்வில்தான் படமே இருக்கிறது. அவன் மூச்சைக் கொஞ்சம் கூட்டினால் போய்விடும் என்று நமக்கே பதறுகிறது. அழகுக்கும் நிகழ்வுக்கும் சண்டையே இல்லை.

உறைந்த சோப்புக் குமிழிப் படங்களையும் இப்படியே பார்க்கலாம். கடும் குளிரில் குமிழி உறையும்போது பனிப்பூக்கள் அதன் தோலெங்கும் சுழன்று பறக்கும். உறையும் விளிம்பில் வெளிப்படும் வெப்பம் பரப்பு இழுவிசையில் ஏற்றத்தாழ்வு உண்டாக்கி, அந்த ஓட்டம் பனித்துணுக்குகளைப் பிய்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 2019இல் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பூக்கள் பாதி படர்ந்திருக்கும்போது எடுத்த படம் அற்புதம். முழுக்க உறைந்தபின் எடுத்தது கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டை. இரண்டும் அதே குமிழிதான். ஷட்டரை எப்போது அழுத்தினார் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது என் 300 படங்களுக்கு வருகிறேன். போனில் அழித்த படங்கள் கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், நல்லவேளை. திறந்து பார்த்தேன். ஒன்றில் குமிழியின் இடப்பாதி இல்லை. வலப்பாதி மட்டும் நிறத்தோடு வளைந்து நிற்கிறது, இடப்பக்கம் பொடித்துளிகளின் புகை. அன்று ராத்திரி இதை "ஃபோகஸ் போன படம்" என்று நினைத்து அழித்திருக்கிறேன். இன்னொன்றில் மூன்று குமிழி ஒட்டிக்கொண்டு, நடுவில் சுவர்கள் ஒரே கோட்டில் சேர்கின்றன. பின்னால் கொடியில் மாமாவின் லுங்கி. மூன்றாவதில் வளையத்திலிருந்து இன்னும் பிரியாத குமிழி புடலங்காய் மாதிரி நீண்டிருக்கிறது. அக்கா மகள் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள்.

மூன்றையும் திரும்ப எடுத்துவைத்தேன். பழைய அஞ்சையும் அழிக்கவில்லை, இருக்கட்டும். கடைசிப் படத்தை மட்டும் அக்காவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை வால்பேப்பர் என்று சொல்லவில்லை. "அய்யோ, இதை ஏன்டா அன்னைக்கே அனுப்பலை?" என்று கேட்டாள்.